கைநாட்டாக ஷாவோஷிங்கில் மூன்று நாள்

நவம்பர் 8, சனி. கெச்சியாவ், சீனா

வந்த வேலை முடிந்தது. நாலு நாளாக லைனிங் துணியின் சாம்பிள் அட்டைகளைத் தடவித் தடவி விரல் நுனி மரத்துவிட்டது. திருப்பூரிலிருந்து இங்கே வருகிற எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பகலெல்லாம் துணிச் சந்தை, ராத்திரி ஓர் இந்திய உணவகத்தில் பருப்பும் சோறும். இன்றைக்குப் பருப்பு, சோறு, ஒரு அப்பளம் சேர்த்து 48 யுவான். ஏறக்குறைய 600 ரூபாய். அப்பளம் நமத்துப் போயிருந்தது.

வழக்கமாகத் தம்பிதான் வருவான். இந்தத் தடவை அவனுக்கு முதுகுவலி, அதனால் நான். திரும்பிப் போகும் விமானத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. "ஷாங்காய் போய்ட்டு வாங்கக்கா, லைட்டெல்லாம் சூப்பரா இருக்கும்" என்றான் ஃபோனில். நான் போகப் போவதில்லை. காரணம் ஒரு பாட்டு.

எட்டாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் பத்துப் பெண்கள் வரிசையாக நின்று பாரதியாரின் ‘விடுதலைக்கு மகளிரெல்லோரும் வேட்கை கொண்டனம்’ பாடினோம். அதில் ‘திடமனத்தின் மதுக்கிண்ண மீது’ எல்லோரும் சேர்ந்து சபதம் செய்வதாக ஓர் இடம் வரும். ஒத்திகையில் மதுக்கிண்ணம் வந்ததும் பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். தமிழ் டீச்சர் அசரவில்லை. "மதுன்னா தேனுங்கடி. தேன் கிண்ணம். சிரிக்காமப் பாடுங்க" என்றார். நாங்களும் தேன் என்று நினைத்துக்கொண்டே பாடினோம்.

அந்தப் பாட்டு ஒரு சீனப் பெண்ணின் பாட்டைப் பாரதி தமிழில் ஆக்கியது என்று எனக்குத் தெரிய வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவர் பெயர் சியூ ஜின். பூர்வீகம் ஷாவோஷிங். கெச்சியாவும் ஷாவோஷிங்கில்தான் சேர்த்தி. ஜிப்பும் லைனிங்கும் வாங்கப் பத்து வருடமாக எங்கள் வீட்டு ஆள் வந்து போகும் ஊர்.

நவம்பர் 9, ஞாயிறு. ஷாவோஷிங்

காலையிலேயே ஊர் சுற்றக் கிளம்பியாயிற்று. எங்கள் ஏஜென்ட் பெண் மதியத்துக்கு மேல்தான் வருவேன் என்றாள். அவள் இந்தி பேசுவாள், என்னைத் தீதீ என்பாள். என் இந்திக்கு அவள் இந்தி எவ்வளவோ தேவலை.

கைபேசியில் சார்ஜ் குறைவாக இருந்ததால் வாயாலேயே சமாளித்துவிடலாம் என்று தெருவில் வந்த டாக்ஸியைக் கை காட்டி நிறுத்தி, "சியூ ஜின், சியூ ஜின்" என்று நாலு தடவை சொன்னேன். டிரைவர் பெரியவர். பலமாகத் தலையை ஆட்டினார். 23 யுவான் வாங்கிக்கொண்டு இறக்கிவிட்ட இடத்தில் பார்த்தால், ஆள் உயரத்துக்குக் களிமண் ஜாடிகளை அடுக்கி வைத்த ஒரு சாராயக் கடை! சீனத்தில் ‘ஜியூ’ என்றால் மது. காலை ஒன்பதரை மணிக்கு மதுவைத் தேடி அலையும் வெளிநாட்டுப் பெண்பிள்ளையாக அவர் என்னைப் புரிந்துகொண்டிருக்கிறார். முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

கடைக்கார அம்மாள் விடவில்லை. உட்காரச் சொல்லி, குட்டிக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். நான் குடிப்பதில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தேன். சோயா சாஸில் கொஞ்சம் வெல்லத்தைக் கரைத்தது போல ஒரு வாசம். ஒட்டும் அரிசியைக் கோதுமை நொதியில் ஊற வைத்து ஆக்குவது, இந்த ஊரின் பெயரே உலகத்துக்கு அதனால்தான் தெரியும். சிவப்புத் துணி கட்டிய ஒரு ஜாடியைக் காட்டி அந்த அம்மாள் தன் கைபேசியில் எதையோ பேசி மொழிபெயர்த்துக் காட்டினார். பெண் குழந்தை பிறந்தால் ஜாடியை மண்ணில் புதைத்துவிட்டு, அவள் கல்யாணத்துக்குத் தோண்டி எடுப்பார்களாம். நல்ல வழக்கமாகத்தான் பட்டது. பெண் பிறந்த அன்றே கல்யாணச் செலவை மண்ணுக்குள் போட்டு வைப்பது நம்ம ஊர் நகைச்சீட்டுக்குத் தூரத்துச் சொந்தம்.

சியூ ஜின் வீட்டுக்கு வந்து சேரப் பதினொன்று ஆகிவிட்டது. ஒரு சிறு குன்றின் அடிவாரத்தில் வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள். கூட்டம் இல்லை. பேரனைக் கூட்டி வந்த ஒரு பாட்டி, ஒரு ஜோடி, நான். பாட்டி என் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தார், கேட்டுவிட்டெல்லாம் இல்லை. பிறகு தன் மூக்கைத் தொட்டு வலிப்பது போல் முகத்தைச் சுளித்தார். இல்லை, வலிக்காது என்று நான் தலையாட்டினேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

உள்ளே எல்லாம் எழுத்து. கடிதம், கவிதை, பத்திரிகை அட்டை. கைபேசியில் ஆறு சதவீதம் சார்ஜ், மொழிபெயர்த்துப் பார்க்கவும் முடியாது. கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றபோது என் அம்முச்சி, அம்மாவின் அம்மா, நினைவுக்கு வந்தார். அவர் கைநாட்டு. கோபி பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாகப் போய், "இது எந்தூரு பஸ்ஸுங்க சாமி?" என்று கேட்பார். எனக்கு அன்றைக்குக் கேட்கவும் வழியில்லை. இருந்தும் ஒரு படத்துக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. ஜப்பானிய உடுப்பு, கையில் உருவிய குறுவாள், நேராகக் கேமராவைப் பார்க்கும் முகம். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பெற்ற பிறகு, 1904ல், நகைகளை விற்றுவிட்டு ஜப்பானுக்குப் படிக்கப் போன பெண் அது. கட்டிக் குறுக்கிய பாதங்களைத் தானே அவிழ்த்துவிட்டவர். அவிழ்த்தாலும் எலும்பு பழையபடி ஆகிவிடாது. அந்தக் காலோடுதான் அவ்வளவு அலைச்சலும்.

மதியம் ஏஜென்ட் பெண் வந்ததும் எனக்குக் கண் திறந்தது. படுக்கையறைக்குப் பின்னால் சுவருக்குள் ஒரு சந்து இருக்கிறது. துப்பாக்கியும் ரகசியக் காகிதங்களும் அதில்தான் இருந்தனவாம். ஜோடி அதைத்தான் விழுந்து விழுந்து படம் எடுத்தது. எனக்கு அவள் படித்துச் சொன்ன இன்னொரு விஷயம் பெரிதாகப் பட்டது. சியூ ஜின் பழைய இலக்கிய நடையில் கெட்டிக்காரர், அந்த நடையில் கவிதைகள் குவித்திருக்கிறார். ஆனால் டோக்கியோவில் அவர் தொடங்கிய பத்திரிகை பேச்சு நடையில். அதில்தான் சீனத்தின் 20 கோடிப் பெண்களுக்கு என்று ஒரு கட்டுரை எழுதினார். தொடக்கமே "ஐயோ" என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு, உலகத்திலேயே அநியாயம் நடப்பது நமக்குத்தான் என்று. பிறகு பெண் குழந்தை பிறந்த வீட்டுக்குள் போகிறார். அப்பன் எரிச்சலில் ‘இன்னொரு உதவாக்கரை’ என்கிறான். காலையில் பார்த்த சிவப்புத் துணி ஜாடி எனக்கு உடனே கசந்துவிட்டது.

பேச்சு நடையும் எழுத்துத் தெரிந்தவர்களுக்குத்தானே? அதையும் யோசித்திருக்கிறார். ‘தான்ஸி’ என்று ஒரு வடிவம் உண்டு. வாத்தியம் இசைத்துக்கொண்டே வசனமும் பாட்டுமாகக் கதை சொல்வது. அதில் ஒரு நீண்ட கதையை எழுதத் தொடங்கி, முடிக்காமலே போனார். வாசிக்கத் தெரியாத பெண்ணும் காது வழியாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் கணக்கு. கைநாட்டான எங்கள் அம்முச்சிக்கு அண்ணன்மார் கதை முழுக்கத் தெரியும், உடுக்கை அடித்துப் பாடியதை விடிய விடியக் கேட்டதால். கோபி பஸ் ஸ்டாண்டுப் பெண்களுக்கு எப்படிச் செய்தி அனுப்புவது என்று இந்த அம்மாள் 1905 வாக்கிலேயே கண்டுபிடித்திருக்கிறார்.

வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து ஏஜென்ட் பெண்ணிடம் அந்தப் பாட்டைத் தேடிப் படிக்கச் சொன்னேன். 1907ஆம் வருடப் பாட்டு, பெண்ணுரிமைக்கு ஊக்கமூட்டுவது. நாங்கள் விடுதலையை நேசிப்பவர்கள், என்று தொடங்கிய அவள் அடுத்த வரியில், "தீதீ, ஈ பெய் ஜியூ. ஏக் கப் தாரூ" என்றாள். ஒரு கிண்ணம் மது.

தேன் இல்லை. காலையில் டாக்ஸிக்காரர் கேட்ட அதே ஜியூ.

நான் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார். பாரதி கிண்ணத்தை மாற்றவில்லை, மது என்றே வைத்துவிட்டார். ஆணும் பெண்ணும் சமம் என்பது வானம் கொடுத்தது என்று சீனத்தில் வரும் இடத்தில் மட்டும் சக்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். டீச்சர்தான் தேனாக்கினார்.

நவம்பர் 10, திங்கள். ஷாவோஷிங், மழை

விடிந்ததிலிருந்து நசநசவென்று தூறல். 12 டிகிரி. நனைந்த சுடிதார் காலைப் பிடித்துக்கொண்டு நடக்க விடவில்லை. 25 யுவானுக்கு ஒரு குடை வாங்கினேன், முதல் காற்றிலேயே மடங்கிக் கிண்ணம் போல் ஆனது. நேற்றிலிருந்து எதைப் பார்த்தாலும் கிண்ணம்தான்.

ஷுவான்திங்கோவ் ஒரு கடைத்தெரு. செருப்புக் கடை, டீக்கடை, சத்தமே இல்லாமல் வந்து முதுகைத் தொடும் மின்சார ஸ்கூட்டர்கள். ஒரு பக்கம் பழைய பாணி வளைவு, பக்கத்தில் 1930ல் எழுப்பிய நினைவுத்தூண். 1907 ஜூலை 15 விடியற்காலை இங்கேதான் சியூ ஜின் தலையை வெட்டினார்கள்.

என்ன நடந்தது என்றால், ஷாவோஷிங்கில் தாதோங் பள்ளியைப் பொறுப்பேற்று நடத்திக்கொண்டே அவர் அப்போது சீனத்தை ஆண்ட மஞ்சூ அரசுக்கு எதிராக எழுச்சிக்கு ஆள் சேர்த்தார். பக்கத்து மாகாணத்தில் அவருடைய தோழர் ஷூ ஷிலின் ஜூலை 6ந் தேதி அவசரப்பட்டு ஆளுநரைச் சுட்டுவிட்டார். அதோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. தப்பித்துப் போகச் சொல்லிச் செய்தி வந்தும் சியூ ஜின் போகவில்லை. 13ந் தேதி படை பள்ளியைச் சூழ்ந்து பிடித்தது. இரண்டே நாளில் தண்டனை. வாக்குமூலம் எழுதச் சொல்லிக் காகிதம் கொடுத்தபோது ஒரே ஒரு பழைய கவிதை வரியை எழுதிக் கொடுத்தார் என்பார்கள். என் கைபேசி இன்று முழு சார்ஜில் இருந்ததால் அந்த வரியை மொழிபெயர்ப்புச் செயலியிடம் காட்டிப் பார்த்தேன். ‘இலையுதிர் காற்று இலையுதிர் மழை கவலை மனிதனைக் கொல்கிறது’ என்றது. செயலிக்கு இதைவிட நன்றாக வராது, பரவாயில்லை. அவர் குடும்பப் பெயரான ‘சியூ’வுக்கே இலையுதிர்காலம் என்றுதான் அர்த்தம் என்பது அதற்குத் தெரியாது. மழையில் நின்று அதைப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. மூக்கில் தண்ணீர் வழிந்தது மழையால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

பசி. தூணுக்கு எதிர்ச் சந்தில் ஊளைத் தோஃபு பொரித்துக்கொண்டிருந்தார்கள். நொதிக்க வைத்த சோயாக்கட்டி, நாற்றம் தெருமுனைக்கே வரும். நாலு துண்டு 10 யுவான். வாயில் போட்டால் நாற்றம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை, மேலே மொறுமொறு, உள்ளே வெதுவெதுப்பு. கருவாடு வறுக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு இதில் பயம் இல்லை. வினை வேறு இடத்தில் வந்தது. கைபேசியில் பணம் போகவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரொக்கமாக நூறு யுவான் தாள்தான் இருந்தது, கடைக்காரரிடம் சில்லறை இல்லை. பாதித் தோஃபு என் வயிற்றில். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண், பால்குடிப் பிள்ளையைக் கட்டியிருந்தார், தன் கைபேசியை நீட்டி டிங் என்று என் பணத்தைக் கட்டிவிட்டுப் போயே போய்விட்டார். ஓடிப் பிடித்து, பையில் இருந்த கோவில்பட்டி கடலை மிட்டாயைக் கையில் திணித்தேன். அவர் அதைச் சுற்றும் முற்றும் திருப்பிப் பார்த்தார். அட்டையில் எழுதியிருந்ததை அவரால் படிக்க முடியவில்லை. ஆகா, சரிக்குச் சரி.

மதியம் எழுத்தாளர் லூ ஷுன் வீட்டுப் பக்கம். அவரும் இந்த ஊர்தான், ஏறக்குறைய அதே வருடங்களில் ஜப்பானில் படித்தவர். அங்கே பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியோடு வரிசை வரிசையாக. சியூ ஜின் வீட்டின் அமைதிக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. லூ ஷுன் 1919ல் எழுதிய ‘மருந்து’ கதையில், வெட்டுப்பட்ட புரட்சிக்காரனின் ரத்தத்தில் தோய்த்த ரொட்டியைக் காசநோய்க்கு மருந்தென்று வாங்கிப் போவார்கள். அந்தப் புரட்சிக்காரனின் குடும்பப் பெயர் ‘கோடை’. இலையுதிர்காலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். கதை அவருக்குத் தலைமுறை தலைமுறையாகப் பாடப்புத்தகத்தில் இடம் வாங்கித் தந்தது, தப்பில்லை. ஆனால் அதில் செத்தவன் ஆண்.

அங்கே சோம்பு போட்டு அவித்த பெரிய அவரைக்கொட்டை ஒரு தட்டு சாப்பிட்டேன். சுண்டலேதான், தேங்காய்த் துருவல் மட்டும் இல்லை. மதுவில் ஊறிய கோழியும் வந்தது, அது குளிர்ந்த கறி என்று யாரும் சொல்லவில்லை. ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். திரும்பும் வழியில் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணமும் ஒரு பாட்டில் மதுவும் வாங்கினேன், சேர்த்து 58 யுவான். யாருக்கு என்று கேட்காதீர்கள்.

நவம்பர் 11, செவ்வாய். ஹாங்ஜோ

இங்கிருந்து ஹாங்ஜோவுக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம். வழியில் மாற வேண்டிய நிலையத்தின் பெயர் குனியாங்சியாவ், பெண்பிள்ளைப் பாலம். ஒற்றைக்கு ஒற்றை என்று 11.11 அன்று இணையத்தில் தள்ளுபடித் திருவிழா என்பதால் ரயிலில் அத்தனை பேரும் குனிந்து எதையோ வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேற்கு ஏரியில் மழை விட்டு மூட்டம். ஷீலிங் பாலத்தின் ஓரத்தில் சியூ ஜின் கல்லறை. மேலே வெள்ளைப் பளிங்குச் சிலை, இடுப்பில் வாள், கை அதன் மேல். பீடத்தில் வீராங்கனை என்று, மன்னராட்சியைக் கவிழ்த்த புரட்சியின் தலைவர் சன் யாத் சென் எழுதிய எழுத்து. அழகான சிலைதான். எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அவர் திட்டமிட்ட எழுச்சி நடக்கவே இல்லை. வாளுக்கு வேலை வரவில்லை. சாகும்வரை ஓயாமல் வேலை செய்தது பேனா. அது சிலையில் இல்லை. 1907 ஜனவரியில் ஷாங்காயில் அவர் தொடங்கிய பெண்கள் பத்திரிகை இரண்டு இதழோடு நின்றது. பங்குப் பணம் கேட்டு அறிவிப்புப் போட்டும் பெரிதாக யாரும் முன்வரவில்லை. கைகொடுத்தது ஷூ ஸிஹுவா என்ற கவிஞரும் அவர் தங்கையும்தான். பத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். என் மாமனார் ஒரு சிற்றிதழ் நடத்திக் கடன்பட்டவர், அதனால் எனக்கும் கொஞ்சம் புரியும்.

இந்த ஷூ ஸிஹுவாவோடு ஒருமுறை இந்த ஏரிக்கரைக்கு வந்தபோது, செத்தால் ஷீலிங் பக்கம் புதைக்க வேண்டும் என்று பேச்சாகியிருக்கிறது. தலை போனபின் சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்த நேரத்தில், 1908ல் அதைச் செய்து முடித்தவர்கள் இரண்டு பெண்கள். ஷூ ஸிஹுவா கல்லறை வாசகத்தை இயற்றினார். வூ ஜியிங் என்ற எழுத்தோவியக்காரர் அதைத் தன் கையால் எழுதினார். அரசு விடுமா? அதே வருடம் கல்லறையை எடுக்கச் சொல்லிவிட்டது. சவப்பெட்டி ஷாவோஷிங் போயிற்று, அங்கிருந்து புருஷன் ஊரான ஹூனானுக்கு, மன்னராட்சி கவிழ்ந்தபின் மறுபடி ஏரிக்கு. 1960களில் மறுபடி தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். கடைசியாக 1981ல்தான் இந்த இடத்துக்கு வந்தது. உயிரோடு இருந்தபோது புருஷன் வீட்டை விட்டு வந்தவரைச் செத்தபிறகு அங்கே அனுப்பியதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் நின்ற அரைமணி நேரத்தில் ஒரு மகளிர் கூட்டம் வந்தது, எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், கழுத்தில் பளபளா ஸ்கார்ஃப். சிலையோடு ஒரு படம், என்னோடு பதினைந்து படம். அதில் ஒருவர் சிலையைக் காட்டி என்னிடம் நீளமாக ஏதோ விளக்கினார். புரியாவிட்டாலும் தலையை ஆட்டினேன். பதிலுக்கு நானும் ‘விடுதலைக்கு மகளிரெல்லோரும்’ இரண்டு அடி பாடிக் காட்டினேன், ராகம் எட்டாம் வகுப்பு ராகம். ‘மதுக்கிண்ண மீது’ வந்தபோது கையைக் கிண்ணம் போலக் குவித்தேன். அவர்கள் கை தட்டினார்கள். அது சியூ ஜின் பாட்டு என்று சொல்லக் கைபேசியை எடுப்பதற்குள் வழிகாட்டி கொடியை ஆட்டிவிட்டார். போய்விட்டார்கள்.

குளிருக்குத் தாமரைக்கிழங்கு மாவில் கிண்டிய கூழ், 15 யுவான். ஜவ்வரிசிக் கஞ்சிபோல வழுவழுவென்று. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

நவம்பர் 13, வியாழன். திருப்பூர்

பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. கிண்ணம் முழுசாக இருக்கிறது, பாட்டில் கழுத்தோடு உடைந்திருக்கிறது. ரெண்டு சுடிதார், ஒரு ஸ்வெட்டர், நாலு நாள் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சாம்பிள் அட்டைகள் அத்தனையும் பழுப்பு நிறத்தில் ஊறிக் கிடக்கின்றன. அட்டையில் கையால் எழுதியிருந்த குறியீட்டு எண்கள் கரைந்துவிட்டன. எழுத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

தம்பி முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு லைனிங் துண்டை எடுத்து முகர்ந்தான்.

"என்னங்கக்கா இது, சாராய வாசம் அடிக்குது?"

"தேனு" என்றேன்.